ஐயத்தின் பலன் யாருக்கு?

நீதிமன்றங்களில் நெடுங்காலமாக ஒரு மரபு போற்றப்பட்டு வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் அக்குற்றத்தைச் செய்தாரா இல்லையா என்பதில் நியாயமான ஐயம் எழுமாயின், அந்த ஐயத்தின் பலன் அவருக்கே அளிக்கப்படும். குற்றவாளி ஒருவன் தப்புவதைக் காட்டிலும் குற்றமற்றவன் ஒருவன் தண்டிக்கப்படுவது பெருந்தீமை என்னும் அறவுணர்வே அம்மரபுக்கு அடிப்படை. இதனை மறுப்பார் இலர்.

இனி வேறொரு மன்றத்தை எண்ணிப் பார்ப்போம். அங்கே குற்றவாளிக் கூண்டு இல்லை. நீண்ட மேசையைச் சுற்றி நிலநடுக்க இயல், பொறியியல், கடலியல் கற்ற சான்றோர் பத்துப் பதினைந்து பேர் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள்முன் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட விண்ணப்பம் ஒன்று கிடக்கிறது. 'இந்த அணுமின் நிலையம் பாதுகாப்பானதுதானா? இதற்கு உரிமம் அளிக்கலாமா?' என்பதே வினா. விடை முழுவதும் தெளிவாக இல்லை, ஐயம் இருக்கிறது. அந்த ஐயத்தின் பலன் எவரைச் சேர வேண்டும்? நிலையத்தை நடத்துவோரையா? அதன் நிழலில் வாழும் ஊராரையா?

இவ்வினா அறிவியலார்க்கு மட்டும் உரியதன்று. அளவிடுவதும் கணக்கிடுவதும் அவர்கள் பணி. அளந்து முடித்தபின் எஞ்சும் ஐயத்தை எப்பக்கம் சாய்ப்பது என்பதோ அறத்தின் பணி. அதனால்தான் அணுவியல் கல்லாத நானும் இதனைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

மூன்று அளவுகள்

ஜப்பான் நாட்டின் கிழக்குக் கரையில் ஃபுக்குஷிமா டாய்ச்சி அணுமின் நிலையம் அமைய 1966ஆம் ஆண்டு அரசின் அனுமதி கிடைத்தது. அவ்விடம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 35 மீட்டர் உயர்ந்திருந்த மேட்டுநிலம். அதனை வெட்டிச் சரித்து, முதல் நான்கு உலைகளுக்கும் 10 மீட்டர் உயரத்தில் தளம் அமைத்தனர். கடல்நீரை மேலேற்றும் வேலை குறையும். கட்டடங்கள் உறுதியான பாறையின்மேல் நிற்கும் என்பவை அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். எதிர்பார்க்கத்தக்க ஆழிப்பேரலையின் உயரம் 3.1 மீட்டர் என்று கொள்ளப்பட்டது. 1960ஆம் ஆண்டு சிலி நாட்டு நிலநடுக்கத்தால் எழுந்த அலை, அருகிலிருந்த துறைமுகத்தில் பதிவான அளவே அது. ஆறே ஆண்டுகளுக்குமுன் கண்ட அலையைக் கடலின் எல்லையாகக் கொண்டனர்.

2002ஆம் ஆண்டு ஜப்பானியக் கட்டடப் பொறியியல் சங்கத்தின் குழு புதிய கணக்கு முறையொன்றை வகுத்தது. அம்முறைப்படி அலையின் உயரம் 5.7 மீட்டர் ஆயிற்று. அக்குழுவில் மின் நிறுவனங்களைச் சார்ந்தோர் கணிசமாக இருந்தனர். ஆய்வுச் செலவையும் அந்நிறுவனங்களே ஏற்றன. வரலாற்றில் தெளிவாகப் பதிவான பேரலைகளைக் கொண்டே அம்முறை கணக்கிட்டது.

அதே 2002ஆம் ஆண்டு ஜூலையில், அரசின் நிலநடுக்க ஆய்வுத் தலைமையகம் வேறொரு மதிப்பீட்டை வெளியிட்டது. வடக்கே சன்ரிக்கு முதல் தெற்கே போசோ வரை நீளும் கடலடி அகழியில் எவ்விடத்திலும் பேரலையை எழுப்பும் நிலநடுக்கம் நிகழக்கூடும் என்றது அது. முப்பது ஆண்டுக் காலத்துள் அவ்வாறு நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு இருபது என்றும் கூறியது. இம்மதிப்பீட்டின்படி நிலையத்தின் உரிமையாளரான டோக்கியோ மின் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் தானே கணக்கிட்டுப் பார்த்தது. விடை 15.7 மீட்டர். நிலையத்தின் தளமோ 10 மீட்டர்!

அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் நிறுவனத்தின் மேலாளர்கள் கூடினர். உடனே சுவர் எழுப்புவதில்லை. கட்டடப் பொறியியல் சங்கத்திடம் இப்பொருளை ஒப்படைத்து, சில ஆண்டுகள் ஆராயச் செய்வது என்று முடிவு செய்தனர். அந்த 15.7 என்னும் எண் ஒழுங்குமுறை அமைப்பின் கைக்கு வந்து சேர்ந்தது 2011ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள். பேரலை வந்தது மார்ச் 11ஆம் நாள்.

கேட்கப்பட்ட கேள்வி

வல்லுநர் குழு என்ன செய்தது என்று வாசகர் வினவலாம். குழு உறங்கிக் கிடக்கவில்லை. 2006ஆம் ஆண்டு செப்டம்பரில் நிலநடுக்கப் பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டன. அவற்றை வகுத்த குழுவிலிருந்த கோபே பல்கலைக்கழகப் பேராசிரியர் கட்சுஹிக்கோ இஷிபாஷி, இறுதி வரைவை ஏற்க மனமின்றி அதற்கு முந்தைய மாதமே பதவி துறந்தார். விதிகள் அவரின்றி நிறைவேறின.

புதிய விதிகளின்படி பழைய நிலையங்களை மீளாய்வு செய்ய மற்றொரு குழு கூடியது. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்த கூட்டத்தில், நிலவியல் அறிஞர் யுகினொபு ஒகமுரா ஒரு கேள்வி எழுப்பினார். கி.பி. 869ஆம் ஆண்டில் ஜோகன் பேரலை என்னும் பெருவெள்ளம் அக்கரையைத் தாக்கியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் மூழ்கி மாண்டனர் என்று அந்நாட்டு அரச வரலாற்றேடு கூறுகிறது. செண்டாய்ச் சமவெளியில் கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வயல்களின் அடியில் அந்த அலை கொண்டுவந்து பரப்பிய மணற்படிவை ஆய்வாளர் தோண்டிக் கண்டிருந்தனர். ஏடும் கூறுகிறது, மண்ணும் கூறுகிறது. நிறுவனத்தின் அறிக்கை மட்டும் ஏன் அதனைக் கூறவில்லை என்பதே அவர் கேள்வியின் சாரம்.

அந்நிலநடுக்கத்தால் பெருஞ்சேதம் விளைந்ததாகத் தெரியவில்லை என்ற வகையில் நிறுவனத்தின் சார்பில் விடை கூறப்பட்டது. அவர் விடவில்லை, மீண்டும் வினவினார். இனிமேல் ஆராயப்படும் என்றனர். மறுமாதமே இடைக்கால அறிக்கை ஏற்கப்பட்டது. பேரலை பற்றிய ஆய்வு இறுதி அறிக்கைக்கு ஒத்திவைக்கப்பட்டது. இறுதி அறிக்கை வருமுன் அலை வந்துவிட்டது.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. எவரும் அவரைப் பேசவிடாமல் தடுக்கவில்லை. அவர் கேட்டது குறிப்பேட்டில் பதிவாயிற்று. மரியாதையுடன் விடையும் அளிக்கப்பட்டது. எனினும் அக்கேள்வி எதனையும் நிறுத்தவில்லை. கேள்விக்கு விடை கிடைக்கும்வரை முடிவு காத்திருக்க வேண்டும் என்னும் விதி அம்மன்றத்தில் இல்லை. ஐயம் வரவேற்கப்பட்டது, ஆயினும் அதன் பலன் நிலையத்தைச் சேர்ந்தது.

நம் கல்பாக்கம் அவர்களுக்கு உரைத்தது

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நம் கரையைத் தாக்கிய பேரலை கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைக்கும் கூடத்துள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு, 2005 ஆகஸ்டில், பன்னாட்டு அணுசக்தி முகமை வெளிவெள்ள அபாயங்களைப் பற்றிய கருத்தரங்கைக் கல்பாக்கத்திலேயே நடத்தியது.

ஜப்பானியரும் இதனைக் கவனித்தனர். 2006ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அமைப்பும் மின் நிறுவனங்களும் கூடி வெள்ளம் பற்றி ஆயும் சிறு குழுவை அமைத்தனர். தளத்துக்கு மேல் நீர் ஏறினால் ஃபுக்குஷிமாவின் ஐந்தாம் உலை மின்சாரம் முழுவதையும் இழக்கக்கூடும் என்று அக்குழுவிலேயே எடுத்துரைக்கப்பட்டது. ஆகவே, 'எவரும் எண்ணிப் பார்க்கவில்லை' என்று கூறுவதற்கில்லை. எண்ணினர், எழுதினர், கோப்பில் வைத்தனர்.

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46க்கு நிலம் நடுங்கியது. ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் கழித்துப் பேரலை தளத்தின்மேல் ஏறியது; நீர்மட்டம் 14, 15 மீட்டரை எட்டியது. நிலையத்தில் அவசரத் தேவைக்கென வைத்திருந்த 13 டீசல் ஜெனரேட்டர்களில் 12 செயலிழந்தன. எஞ்சிய ஒன்று, சற்றே உயரமான இடத்தில், கடல்நீரை நம்பாமல் காற்றால் குளிர்விக்கப்பட்டது. அந்த ஒன்றுதான் ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காத்தது. மற்ற மூன்று உலைகளின் எரிபொருள் உருகிற்று. சுமார் ஒன்றரை இலட்சம் மக்கள் வீடு துறந்தனர். மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்த நோயாளிகளை அவசரமாக இடம்பெயர்த்ததில், அம்மாத இறுதிக்குள் அறுபது பேரேனும் உயிரிழந்தனர். கதிர்வீச்சு அவர்களைக் கொல்லவில்லை. படுக்கையும் மருந்தும் நீங்கிய நெடும்பயணமே கொன்றது.

குற்றம் யாருடையது?

நாடாளுமன்றம் அமைத்த சுதந்திர விசாரணைக் குழு, கியோஷி குரோகவாவின் தலைமையில் ஆராய்ந்து 2012 ஜூலையில் அறிக்கை அளித்தது. இது மனிதரால் விளைந்த கேடு என்று அது முடிவு கூறியது. கண்காணிக்க வேண்டியவர்கள், கண்காணிக்கப்பட வேண்டியவர்களின் அறிவையே சார்ந்து நின்றதால், காவல் தலைகீழாயிற்று என்றும் காட்டியது.

ஆனால் நீதிமன்றங்களோ வேறு முடிவுக்கு வந்தன. 2022 ஜூன் 17ஆம் நாள் ஜப்பானிய உச்ச நீதிமன்றம், அரசு இழப்பீடு தரக் கடமைப்பட்டதன்று எனப் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. வந்த அலை எதிர்பார்க்கப்பட்டதைவிட மிகப் பெரிது. சுவர் எழுப்ப ஆணையிட்டிருந்தாலும் அது தடுத்திராது என்பது காரணம். நீர்புகாக் கதவுகள் போன்ற காப்புகளையும் எண்ணியிருக்க வேண்டும் என்று மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார் ஒரு நீதிபதி. நிறுவனத்தின் முன்னாள் மேலாளர்கள் மீதான குற்றவழக்கிலும் 2025 மார்ச்சில் விடுதலைத் தீர்ப்பு உறுதியாயிற்று.

இத்தீர்ப்புகளை நாம் பழிக்க வேண்டியதில்லை. தனி மனிதரைச் சிறைக்கு அனுப்பும்போது ஐயத்தின் பலன் அவரைச் சேர்வதே முறை. அன்று அவர்களுக்கு எதிரே இருந்த அறிவும் ஒருமுகப்பட்டதன்று. 2002ஆம் ஆண்டு மதிப்பீட்டை வெளியிட்ட தலைமையகமே, அதன் ஒரு பகுதிக்கு நம்பகத்தன்மை குறைவு என்று பின்னர்த் தரமிட்டிருந்தது. அறிஞரிடையே உண்மையாகவே கருத்து வேறுபாடு இருந்தது. பின்னே நின்று பார்ப்பவர்க்கு எல்லாம் தெளிவு; முன்னே நின்றவர்க்கு அத்தெளிவு இல்லை.

எனினும் சட்டத்தின் வினா வேறு, அறத்தின் வினா வேறு. 'இவர் தண்டனைக்கு உரியவரா?' என்று சட்டம் கேட்கிறது. 'இவர் செய்யத்தக்கதைச் செய்தாரா?' என்று அறம் கேட்கிறது. முதல் வினாவுக்கு 'இல்லை' என்னும் விடை கிடைத்ததனாலேயே இரண்டாம் வினா தீர்ந்துவிடாது. குழுவாக முடிவெடுக்கும்போது இந்த இரண்டாம் வினா காணாமற் போய்விடுகிறது. பதினைந்து பேர் கையெழுத்திட்டால் பொறுப்பைப் பதினைந்தாகப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று மனம் எண்ணுகிறது. செல்வத்தைப் பங்கிட்டால் குறையும். பொறுப்பைப் பங்கிட்டால் குறையுமோ?

இதனை நான் பிறரை நோக்கி மட்டும் கேட்கவில்லை. ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், பள்ளி ஒன்றின் கூரைக் கொட்டகை வகுப்பறைகளைப் பார்வையிட்டுத் தகுதிச் சான்று அளிக்கும் மூவர் குழுவில் நான் இளையவளாக இடம்பெற்றேன். ஒரு கொட்டகைக்கு ஒரே வாயில்தான் இருந்தது. இன்னொரு வாயில் வேண்டாமா என்று கேட்டேன். 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம், அம்மா' என்றார் மூத்தவர். மற்றவர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். நானும் இட்டேன். மறு ஆண்டு அக்கொட்டகை பிரிக்கப்பட்டு ஓட்டுக் கட்டடம் எழுந்தது. ஒரு தீங்கும் நிகழவில்லை. நான் அதனை மறந்தே போனேன். 2004ஆம் ஆண்டு கும்பகோணத்தில் பள்ளிக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்ட செய்தியைப் படித்த அன்றுதான் என் கையெழுத்து நினைவுக்கு வந்தது. அன்று அக்கொட்டகையில் தீ பிடிக்காதது என் நற்பேறு, என் நற்செயலன்று. செயலின் தன்மையை விளைவைக்கொண்டு அளப்போமாயின் நான் குற்றமற்றவள். செய்த அந்நொடியில் நான் எதனை அறிந்திருந்தேன், எதனைக் கேட்டுவிட்டு விடுத்தேன் என்பதைக்கொண்டு அளப்போமாயின் அவ்வாறு கூற என் நா எழவில்லை.

ஒருவகையில் உண்மை

அநேகாந்தத்தைப் போற்றும் நமக்கு இங்கே ஒரு தடுமாற்றம் எழக்கூடும். பொருள் பல தன்மை உடையது. எக்கூற்றும் ஒருவகையில் மட்டுமே உண்மை என்பது நம் கொள்கை. அவ்வாறாயின், 'அறிஞரிடையே பல கருத்துகள் உள; ஆதலால் மேலும் ஆராய்வோம்' என்று நிறுவனத்தார் ஒத்திவைத்ததும் அநேகாந்தமே ஆகாதோ?

ஆகாது. 'ஒருவகையில்' என்னும் அடைமொழி, கூற்றைத் தளர்த்துவதற்காக ஏற்பட்டதன்று, வரையறுப்பதற்காக ஏற்பட்டது. 5.7 மீட்டர் என்னும் அளவு பொய்யன்று. தெளிவாகப் பதிவான பேரலைகளை மட்டும் கருதும் வகையில் அது உண்மை. பிழை எங்கே நேர்ந்தது? அவ்வகையைக் குறிக்கும் அடைமொழி வழியில் உதிர்ந்து போயிற்று. ஆய்வாளர் 'இம்முறைப்படி' என்று எழுதினர். அறிக்கை 'மதிப்பீட்டின்படி' என்றது. உரிமம் 'பாதுகாப்பானது' என்றது. ஊர்மக்கள் 'ஒன்றும் ஆகாது' என்று கேட்டனர். படிக்குப் படி ஒரு சொல் குறைந்து, ஒருவகை உண்மை முழு உண்மையின் ஆடையை உடுத்துக்கொண்டது. கருத்துகள் பலவாயிருப்பது தீங்கன்று. அவற்றுள் தனக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவை முடிவு காணும்வரை அதன்மேல் வாழ்வதே தீங்கு.

மேலும், நம் முன்னோர் இம்சையைப் பற்றிப் பேசுகையில் பகையை மட்டும் காரணமாகக் கூறவில்லை, விழிப்பின்மையையும் கூறினர். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவருள் பகைமனம் படைத்தவர் ஒருவரும் இலர். ஆயினும் நோயாளிகள் மாண்டனர். கருணையுள்ள நெஞ்சும் கவனமற்ற கையெழுத்தும் ஒரே மனிதரிடம் இருக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

உயரத்தில் கட்டியவர்

இருளில் விளக்கு ஒன்றும் உண்டு. ஃபுக்குஷிமாவுக்கு வடக்கே, நிலநடுக்கத்தின் மையத்துக்கு இன்னும் அருகில், ஒனகாவா அணுமின் நிலையம் உள்ளது. அதனைத் திட்டமிட்டபோது எதிர்பார்க்கப்பட்ட அலையின் உயரம் சுமார் 3 மீட்டரே. ஆனால் டொஹோக்கு மின் நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவில், முன்னர் அதன் துணைத் தலைவராயிருந்த யனொசுக்கே ஹிராய் என்னும் முதிய பொறியாளர் இருந்தார். அவர் செண்டாய்ச் சமவெளியில் பிறந்து வளர்ந்தவர். பழைய ஜோகன் பேரலையின் செய்தியை அறிந்தவர். தளம் உயரமாக இருந்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தினார். அதைவிடக் குறைந்த உயரமே போதும் என்றவர்களும் இருந்தனர். இறுதியில் 14.8 மீட்டர் என்று முடிவாயிற்று.

1986ஆம் ஆண்டு ஹிராய் காலமானார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, சுமார் 13 மீட்டர் உயர அலை ஒனகாவாவை வந்தடைந்தது. நிலையம் காக்கப்பட்டது. வீடிழந்த ஊர்மக்கள் முந்நூறு பேருக்கு மேல் அந்நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே தஞ்சம் புகுந்தனர்.

ஹிராய்க்கும் ஐயம் தீர்ந்திருக்கவில்லை. 869ஆம் ஆண்டு அலையின் உயரத்தை அவரால் அளந்து காட்ட இயன்றிருக்காது. அவருக்கும் மற்றவர்க்கும் அறிவில் வேறுபாடு சிறிது. ஐயத்தைச் சாய்த்த பக்கத்தில்தான் வேறுபாடு பெரிது. எனினும் ஒன்றைக் கூற வேண்டும். ஒரு நாட்டின் பாதுகாப்பு, குழுவில் தற்செயலாக ஒரு ஹிராய் இருப்பதை நம்பியிருத்தல் கூடாது. நல்லவர் இல்லாத நாளிலும் நன்மை நடக்கும்படி முறையை வகுப்பதே அறிவுடைமை.

மெய்ப்பிக்கும் கடமை

அம்முறையை நோக்கி ஜப்பானிய நீதிமன்றமே முன்பொரு படி எடுத்து வைத்திருந்தது. இகாட்டா நிலையத்தைப் பற்றிய வழக்கில் 1992ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது. நீதிபதிகள் அறிவியலாரின் இடத்தில் அமர்ந்து முடிவு கூறலாகாது. ஆனால் குழு கைக்கொண்ட அளவுகோல் பொருத்தமற்றதா, ஆய்ந்த வழியில் புறக்கணிக்க இயலாத பிழை உண்டா என்பதை இன்றைய அறிவைக்கொண்டு பார்க்கலாம் என்றது. மாணவனின் விடையைத் திருத்துவது ஆசிரியர் வேலை. திருத்திய முறை நேர்மையானதா என்று பார்ப்பது மேற்பார்வையாளர் வேலை. வேறுபாடு அத்தகையது.

2012 செப்டம்பரில் ஜப்பானில் புதிய அணு ஒழுங்குமுறை ஆணையம் பிறந்தது. புதிய அறிவு தோன்றினால் பழைய நிலையங்களும் அதற்கேற்பத் திருந்த வேண்டும் என்பது சட்டமாயிற்று. ஆணையத்தின் கூட்டங்கள் பொதுமக்கள் காண நடைபெறலாயின. இந்த மாற்றத்தின் கூர்மையை ட்சுருகா நிலையத்தின் இரண்டாம் உலையில் காண்கிறோம்.

உயிர்ப்புள்ள நிலப்பிளவின் மேல் உலையின் முதன்மைக் கட்டடங்கள் நிற்கலாகாது என்பது அந்நாட்டு விதி. 1987 முதல் இயங்கிய அவ்வுலையின் அடியில் அத்தகைய பிளவு இருக்கக்கூடும் என்று வல்லுநர் குழு 2013ஆம் ஆண்டு மே மாதம் கருத்துரைத்தது. நிறுவனம் அதனை மறுத்து, 2015 நவம்பரில் மீண்டும் இயக்க அனுமதி கோரிற்று. பல்லாண்டு ஆய்வு நடந்தது. 2020ஆம் ஆண்டில், துளையிட்டு எடுத்த மண்படிவங்களின் குறிப்பில் 'இறுகாதது' என்றிருந்த இடங்கள் 'இறுகியது' என்று மாற்றி எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. நுண்ணோக்கி ஆய்வின்பின் புதுப்பித்தோம் என்றது நிறுவனம். அவ்வாறே இருக்கலாம். ஆயினும் கண்டதன்மேல் கருதியதை எழுதி, கண்டதை அழித்தல் கூடாதென்பது எந்த ஆய்வுக்கூடத்திலும் மாணவர்க்கு முதலில் கற்பிக்கும் பாடமன்றோ!

2024 நவம்பர் 13ஆம் நாள் ஆணையம் அவ்விண்ணப்பத்தை நிராகரித்தது. புதிய விதிகளின்கீழ் நிகழ்ந்த முதல் நிராகரிப்பு அது. அதன் காரணத்தை உற்று நோக்குதல் வேண்டும். 'பிளவு உயிர்ப்புள்ளது என்று மெய்ப்பித்துவிட்டோம்' என்று ஆணையம் கூறவில்லை. அருகிலுள்ள பிளவு உயிர்ப்புள்ளதாக இருக்கும் வாய்ப்பையும், அது உலையின் அடிவரை தொடரும் வாய்ப்பையும் மறுக்க இயலவில்லை என்றே கூறியது. அபாயம் உண்டு என்று ஊரார் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இல்லை என்று கேட்பவரே மெய்ப்பிக்க வேண்டும். ஐயத்தின் பலன் இம்முறை ஊராரைச் சேர்ந்தது.

மறுபக்கமும் நோக்குக

இதனைக் கேட்டு மகிழ்வோர் மறுபக்கத்தையும் எண்ணுதல் வேண்டும். 'இல்லை என்று முற்ற மெய்ப்பி' என்று எல்லாவற்றையும் கேட்டால் உலகில் எப்பணியும் நடவாது. 2013 செப்டம்பர் முதல் 2015 ஆகஸ்ட் வரை ஜப்பானில் ஓர் அணு உலையும் இயங்கவில்லை. அக்குறையை நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் நிரப்பின. அவற்றின் புகையும் உயிர்களை வருத்துகிறது. அதற்கு அஞ்சி ஊரைக் காலிசெய்வாரில்லை, அவ்வளவே. மின்கட்டணம் உயர்ந்தால் குளிர்காலத்தில் வருந்துவோர் ஏழை முதியோர். ஆகவே மறுத்தலும் ஒரு செயலே. அதற்கும் பொறுப்பு உண்டு. 'வேண்டாம்' என்று எழுதிவிட்டால் கை தூய்மையாகிவிட்டது என்று எந்தக் குழுவும் கருதலாகாது.

அவ்வாறாயின் வழி யாது? ஐயம் எழுந்தவுடன் எல்லாவற்றையும் நிறுத்து என்பதன்று. எழுந்த ஐயத்தை ஓசையின்றி உறுதியாக மாற்றாதே என்பதே. ஒத்திவைக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை காண நாள் குறிக்க வேண்டும். அந்நாள்வரை இடைக்காலக் காப்பு என்ன என்றும் கேட்க வேண்டும். பெருஞ்சுவர் எழுப்பப் பல்லாண்டு ஆகலாம். ஆனால் ஒரு ஜெனரேட்டரை மேட்டில் வைக்கவும் ஒரு கதவை நீர்புகாததாக்கவும் அத்தனை ஆண்டுகள் வேண்டியதில்லை. பன்னிரண்டு அழிந்தபோதும் எஞ்சி நின்ற அந்த ஒன்று இதற்குச் சான்று. மாறுபட்டவரின் கருத்து குறிப்பேட்டின் மூலையில் கிடத்தல் போதாது. அதனை ஏன் ஏற்கவில்லை என்னும் காரணத்தை, ஏற்காதவர் தம் பெயரோடு எழுதுதல் வேண்டும். உறுப்பினர் எவரிடமிருந்து ஆய்வுப்பொருள் பெறுகிறார் என்பதையும் ஊரார் அறிதல் வேண்டும். இவற்றுள் ஒன்றுக்கும் பெரும்பொருட் செலவில்லை. மனத்துணிவு மட்டுமே செலவு.

நம்முள் பெரும்பாலோர் அணு உலைக்கு உரிமம் அளிக்கும் மேசையில் அமரப் போவதில்லை. ஆனால் பள்ளிக் குழுவிலும், கூட்டுறவுச் சங்கத்திலும், ஆலயத் திருப்பணிக் குழுவிலும், மருத்துவமனை நிர்வாகத்திலும் அமர்கின்றோம். அங்கெல்லாம் ஒரு தாள் சுற்றி வருகிறது. நமக்குமுன் பலர் கையெழுத்திட்டிருப்பர். மூத்தவர் 'பிறகு பார்த்துக்கொள்வோம்' என்பார். அவ்வேளையில், எழுதுகோலைத் திறக்குமுன் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோமாக: 'எனக்குத் தோன்றிய ஐயத்தின் பலனை யாருக்கு அளிக்கிறேன்? எனக்கு அருகில் அமர்ந்திருப்பவர்க்கா? இம்மேசையில் இடம் பெறாதவர்க்கா?'

இடம் பெறாதவரின் முகம் அந்நொடியில் நம் கண்முன் தோன்றுமாயின், இரண்டாம் வாயிலை அன்றே திறக்கச் சொல்வோம்.